இரண்டாவது காஜா

“அந்த ஆன்ட்டிக்கு ஒரு வேலையும் தெரியாது போல. அதான் உட்கார வச்சிருக்காங்க, பாவம்.”

சின்னக் கூஜாவிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நான்கு வயதுத் தமயந்தி, பக்கத்தில் இருந்தவளிடம் ரகசியமாகச் சொன்னாள். அது மங்கையர்க்கரசியின் காதில் விழுந்துவிட்டது.

இருபது வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள். அவள் ஒரு முறை முறைத்தால் அறுபது பிள்ளைகள் வாயில் விரல் வைக்கும். அந்த வேலையை உதறிவிட்டுத்தான் இந்த மாண்டிசோரி பள்ளிக்கு வந்திருந்தாள்.

இங்கே வகுப்பை நடத்தும் நிலோஃபர் அவளைவிடப் பத்து வயது இளையவள். முதல் நாளே ஒரு நாற்காலியைக் காட்டினாள்.

“ஒரு வாரம் இதுல உட்காருங்கக்கா. ஒரு பிள்ளையை மட்டும் பாருங்க. பார்த்ததை எழுதுங்க. எழுந்திருக்காம இருந்தா, திங்கட்கிழமையிலேர்ந்து பக்கத்து வகுப்பு உங்களுக்கு.”

“எழுந்துட்டா?”

“வகுப்பு இல்லக்கா.”

மங்கையர்க்கரசி ஜோயல் என்ற பையனைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தாள்.

ஜோயல் பாயில் உட்கார்ந்து, பட்டன் போட்டுப் பழகும் ஒரு மரச்சட்டத்தை மடியில் வைத்திருந்தான். சட்டத்தில் இரண்டு துண்டுத் துணி. ஒன்றில் ஐந்து பட்டன், மற்றதில் ஐந்து காஜா. முதல் பட்டனை இரண்டாவது காஜாவில் நுழைத்தான். அப்படியே வரிசையாகப் போட்டுக்கொண்டு போனான். கடைசிப் பட்டன் மிச்சமாகித் தொங்கியது.

எல்லாவற்றையும் கழற்றினான். மறுபடி முதல் பட்டன், இரண்டாவது காஜா.

அன்று ஒன்பது முறை. மறுநாள் பதினொன்று.

அவள் நோட்டில் எழுதினாள்: ‘ஜோயல் சரியாகப் பட்டன் போட மாட்டேன் என்கிறான்.’

நிலோஃபர் படித்தாள்.

“எப்பச் சொன்னான்?”

“என்னது?”

“மாட்டேன்னு.”

“அவன் எங்கே பேசினான்? பேச்சுக்குச் சொல்றதுதான். குழாயில தண்ணி வர மாட்டேங்குதுன்னு நாம சொல்றதில்லையா?”

“சொல்றோம். குழாய் என்ன நினைச்சுதோ, யார் கண்டா?”

நிலோஃபர் அந்த வரியை அடித்தாள். நோட்டில் அதைத் தவிர வேறு வரி இல்லை.

மங்கையர்க்கரசிக்கு முகம் சிவந்தது.

“பிள்ளை தப்பாவே செஞ்சுக்கிட்டிருக்கு. அதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க டீச்சர் எதுக்கு? வாட்ச்மேன் போதுமே!”

“வாட்ச்மேனைக் கேட்டுப் பார்த்தேன். அவரும் எழுந்து எழுந்து போயிடறார்.”

நான்காம் நாள். முதல் பட்டன் இரண்டாவது காஜாவுக்குள் போவதைப் பார்த்தபோது அவளால் தாங்க முடியவில்லை. எழுந்தாள். பாயில் மண்டியிட்டாள்.

“இங்க பாரு கண்ணு. இதுக்கு இது.”

ஐந்து பட்டனும் ஐந்து காஜாவில் உட்கார்ந்தன. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஜோயல் சட்டத்தைப் பார்த்தான். அவள் விரல்களைப் பார்த்தான். பிறகு சட்டத்தைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தான். பாயைச் சுருட்டினான். ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான்.

மதியம் வரை எதையும் தொடவில்லை.

நிலோஃபர் பார்த்தாள். வேறொரு பிள்ளையிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். அதுதான் மங்கையர்க்கரசியை இன்னும் எரித்தது.

பிள்ளைகள் தோட்டத்தில் சாப்பிடப் போனார்கள். இவர்கள் இருவரும் வகுப்பிலேயே டிபன் பாக்ஸைத் திறந்தார்கள்.

“வகுப்பு இல்லைன்னு வாயைத் திறந்து சொல்லிடுங்க. ஒரு குழந்தைக்கு உதவினது குத்தம்னா, அந்தக் குத்தத்தை நான் இருபது வருஷமாப் பண்ணிக்கிட்டிருக்கேன்!”

நிலோஃபர் கையைக் கழுவிவிட்டு வந்தாள். மங்கையர்க்கரசியின் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள். சாதத்தைப் பிசைந்தாள். உருளைக்கிழங்கை உள்ளே வைத்து ஒரு கவளம் உருட்டி, அவள் வாயருகே நீட்டினாள்.

“என்ன இது?”

“மெதுவாச் சாப்பிடறீங்கக்கா. சாம்பாரும் சரியாக் கலக்கலை.”

“கையை எடுங்க!”

சத்தம் தோட்டம் வரை கேட்டது. வெளியே பிள்ளைகளின் பேச்சு நின்றது.

“எனக்கென்ன சாப்பிடத் தெரி—”

பாதியில் நிறுத்தினாள்.

நிலோஃபர் அந்தக் கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

“உப்பு கம்மி,” என்றாள்.

மங்கையர்க்கரசி எழுந்தாள். அலமாரியிலிருந்து சட்டத்தை எடுத்தாள். ஐந்து பட்டனையும் கழற்றினாள். முதல் பட்டனை இரண்டாவது காஜாவில் நுழைத்தாள். இரண்டாவதை மூன்றாவதில். கடைசிப் பட்டனைத் தொங்கவிட்டு, சட்டத்தை இருந்த இடத்தில் வைத்தாள்.