வேலிக்குள் போன அதிகாரி

ஒரு காட்டில் மாட்டுச் சந்தை கூடியது. காட்டில் ஏது சந்தை என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. நரி தரகு பார்க்கிற இடத்தில் சந்தை கூடாமல் இருக்குமா?

சந்தை வாசலில் சோதனை அதிகாரி, தும்பை என்ற பெண் கொக்கு. சிங்கராஜா போட்ட சட்டம் கடுமையானது. நோய் பிடித்த மாடு உள்ளே போகக் கூடாது. அந்த மாடும், அதைத் தொட்டவர்களும், நோய் தீரும்வரை வாசலுக்குப் பக்கத்து முள்வேலிக்குள் இருக்க வேண்டும். நோயை மறைத்து விற்க வந்தவர் அப்புறம் சந்தைப் பக்கமே தலைகாட்டக் கூடாது.

அன்று நரி ஒரு செவலைப் பசுவை ஓட்டி வந்தது. நெற்றியில் பொட்டென்ன, கழுத்தில் மணியென்ன, கொம்பில் எண்ணெயென்ன! உள்ளே கரடி, துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசக் காத்திருந்தது. கரடியின் கொட்டில் நிறையக் கன்றுகள்.

“குடம் குடமாகக் கறக்கும். வழி விடு, தங்கச்சி,” என்றது நரி.

தும்பை கொஞ்சம் இளம்புல்லைப் பசுவின் முன்னால் போட்டது. பசு ஆசையாக முகர்ந்தது. ஆனால் வாய் வைக்கவில்லை. தும்பைக்குச் சந்தேகம் தட்டியது. பறந்துபோய்ப் பசுவின் தலைமேல் உட்கார்ந்தது.

“வாயைத் திற, தாயி.”

ஐயோ பாவம், நாக்கெல்லாம் கொப்புளம்! கோமாரி நோய்!

நரி அசரவில்லை. மெல்லக் கிட்டே வந்தது.

“தொட்டவரும் வேலிக்குள்தானே? நீ இப்போது அதன் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறாய். கூட்டில் உன் குஞ்சுகள் பசியில் கத்துமே, தங்கச்சி! நீ எதையும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. சரிதானே?”

தும்பை தன் கூடு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. இறகுகூட முளைக்காத குஞ்சுகள்! இரை கொடுக்க வேறு யாரும் இல்லை. உள்ளே கரடி துண்டை உதறி விரித்தது. அந்தக் கொட்டில் கன்றுகளும் குஞ்சுகள்தானே என்று தும்பை நினைத்தது.

“இந்தப் பசுவுக்குக் கோமாரி!” என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி கத்தியது. “தொட்டவள் நான். வேலிக்குள் போகிறேன். நரியண்ணே, கயிற்றைப் பிடித்து வந்தது நீங்கள்தானே? முன்னால் நடங்கள்!”

அடேயப்பா, அப்போது நரியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! நழுவப் பார்த்தது. கரடி வழியை மறித்து ஓர் உறுமல் உறுமியது. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு வேலிக்குள் நுழைந்தது. இனி அதற்கு அந்தச் சந்தையில் தரகு கிடையாது.

தும்பையும் உள்ளே போனது. பறந்துபோக இறக்கை இருந்தும் அது பறக்கவில்லை.

“கவலைப்படாதே அக்கா, உன் குஞ்சுகளுக்கு நான் இரை கொடுக்கிறேன்,” என்று கிளம்பியது ஒரு மைனா.

இப்போது வாசலில் அதிகாரி இல்லை. ஆனாலும் மாடு ஓட்டி வந்த ஒவ்வொருவரும் வேலியைப் பார்த்து நின்று, மாட்டின் வாயைத் திறந்து தும்பைக்குக் காட்டினார்கள். அது தலையசைத்த பிறகே உள்ளே போனார்கள்.

நீதி: தனக்கும் சேர்த்துச் சட்டம் சொல்பவரின் சொல்லுக்குத்தான் ஊர் கட்டுப்படும்.