பூனைக்குத் துடிக்கும் கோடு

கான்ட்ராக்டர் தெய்வசிகாமணி சத்தியம் செய்தால்தான் ஊருக்குச் சந்தேகமே வரும். புதுப் பாலத்தின் திறப்பு விழாவுக்கு முதல் நாள், பாலத்தை ஒட்டிய கண்காணிப்பு அறையைக் கூட்டிப் பெருக்கும் துளசிமணியிடம் அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

"பாலத்துக்குள்ள கண்ணாடி இழை பதிச்சிருக்கோம். மேல ஒரு பூனை நடந்தாலும் இந்தத் திரையில கோடு துடிக்கும். நாளைக்குக் கலெக்டரம்மா கேட்டா, 'நல்லா வேலை செய்யுது'ன்னு சொல்லணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

மணல் லாரி போனபோதுகூட அந்தக் கோடு அசைந்து அவள் பார்த்ததில்லை.

"சொல்லிடறேனுங்க. ஆனா உங்களுக்கு வெறும் மாலை பத்துமாங்க? கலெக்டரம்மா வந்ததும் பொக்லைனைப் பாலத்து மேல ஓட்டிட்டு வந்து, உங்க தலையில பூ கொட்டச் சொல்லுங்க."

அவருக்கு உச்சி குளிர்ந்தது.

மறுநாள் பொக்லைன் உறுமிக்கொண்டு பாலத்தைக் கடந்து வந்தது. அறைக்குள் கலெக்டரின் டீ கிளாஸ் கடகடவென்று ஆடியது. கோடு ஆடவில்லை. தோளெல்லாம் பூவோடு தெய்வசிகாமணி உள்ளே வந்தார்.

"இது வேலை செய்யுதாம்மா?" என்றார் கலெக்டர்.

"பூனைக்கே துடிக்கும்னு ஐயா சொன்னாருங்க. பொக்லைனுக்கு ஏன் சும்மா இருந்துச்சுன்னுதான் தெரியலீங்க. ஐயாவோட வண்டின்னு மரியாதையோ என்னமோ."

கலெக்டர் திரைக்குப் பின்னாலிருந்த ஒயரை இழுத்தார். அது கையோடு வந்தது. மறுமுனை பாலத்துக்குப் போகாமல் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது.

கோடு அப்போதும் அசையவில்லை. தெய்வசிகாமணியின் தோளிலிருந்த பூக்கள்தான் நடுங்கி உதிர்ந்தன.