மண்டி போட்ட அல்லி

நாணலாற்றங்கரைக் காட்டில் ஒரு யானைக் கூட்டம் இருந்தது. பெரிசும் சிறிசுமாகப் பதினோரு யானைகள். அவற்றுக்குத் தலைவி முறச்செவி. அவள் தும்பிக்கையால் தரையை ஒருதரம் தட்டினால் எல்லாரும் நடப்பார்கள். இரண்டுதரம் தட்டினால் எல்லாரும் நிற்பார்கள். ஏன், எதற்கு என்று ஒருத்தர் வாயைத் திறக்க வேண்டுமே! ஊஹூம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு கட்டளை உண்டு. "காட்டு யானை மண்டி போடாது!" என்பதுதான் அது.

இது எப்படி வந்தது தெரியுமா? முறச்செவி சின்னவளாக இருந்தபோது, ஊர் யானை ஒன்று அங்குசத்துக்குப் பயந்து முன்னங்காலை மடக்குவதை மரத்து மறைவிலிருந்து பார்த்துவிட்டாள். அதன் முதுகில் பாகன் ஏறி ஜம்மென்று உட்கார்ந்தான். அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. தலைவியானதும் முதல் வேலையாகச் சட்டம் போட்டாள்.

"நம்ம கூட்டத்துல ஒருத்தர் முழங்காலும் தரையில படக்கூடாது. பட்டால் அது நம்ம மானத்துக்கே கேடு!"

அன்றிலிருந்து அவர்கள் தின்பது நின்றபடி, குடிப்பது நின்றபடி, தூங்குவதும் நின்றபடிதான். அதில் அவர்களுக்கு அப்படி ஒரு பெருமை!

இந்தச் சட்டத்தில் வசமாக மாட்டிக்கொண்டவள் அல்லி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், காட்டுப் பன்றிக்கு யாரோ வைத்த சுருக்குக் கம்பியில் அவள் தும்பிக்கை சிக்கிவிட்டது. இழுத்தாள், துடித்தாள், கதறினாள். கடைசியில் உயிர் தப்பியது. ஆனால் தும்பிக்கையில் ஒரு முழம் போய்விட்டது.

யானைக்குக் கை என்றாலே தும்பிக்கைதான். பாவம், எத்தனை கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். புல்லைக் காலால் கெல்லிப் பிடுங்கி, மிச்சமிருக்கும் கையால் அள்ளி வாயில் திணிக்க வேண்டும். அதையாவது எப்படியோ பழகிக்கொண்டாள். தண்ணீரை என்ன செய்வது? நின்றபடி கையை நீட்டினால் தண்ணீருக்கு எட்டாது. எட்டினாலும் உறிஞ்ச முடியாது. ஆகவே எல்லாரும் குடித்து முடித்தபிறகு அவள் கரையோரம் போவாள். இரண்டு முன்னங்கால்களையும் மடக்கி, ஈரத்தில் மண்டி போட்டு, வாயை வைத்துக் குடிப்பாள். வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வாள்.

முறச்செவி அந்த நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். கட்டளை ஒருபுறம், பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த பாசம் ஒருபுறம். ஆனால் மலைமுட்டி என்று ஒரு இளவட்டம் இருந்தானே, அவன் விடமாட்டான்.

"ஏய் மொட்டைக்கை! மண்டி போட்டுட்டே சரி, பாகன் எங்கே?" என்பான். மற்றதுகள் கொல்லென்று சிரிக்கும். அல்லி பாதி குடித்ததோடு எழுந்துவிடுவாள்.

அந்த வருஷம் மழை காலை வாரிவிட்டது. குட்டைகள் வற்றின. நாணலாறு வெறும் மணலாகக் கிடந்தது. கடைசியாக ஒரே ஒரு குழியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. அல்லி அதன் ஓரத்தில் மண்டி போட்டதும் குழி முழுக்கச் சேறாகக் கலங்கிவிட்டது.

"பார்த்தீங்களா பெரியம்மா! இவ ஒருத்தியால எல்லாருக்கும் சேறு!" என்று மலைமுட்டி பிளிறினான்.

முறச்செவிக்கு அன்று தாகம், எரிச்சல், கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்ற கவலை. எல்லாம் சேர்ந்து வார்த்தையாக வந்துவிட்டது.

"அல்லி! இன்னொரு தடவை மண்டி போட்டா, நீ நம்ம கூட்டம் இல்லை!"

அல்லி திடுக்கிட்டாள். "பெரியம்மா, அப்ப நான் எப்படித் தண்ணி குடிக்கிறது?"

முறச்செவி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

மறுநாளே அந்தக் குழியும் வற்றியது. எல்லாரும் ஆற்று மணலில் கையை உயர்த்தி, தாழ்த்தி, மோப்பம் பிடித்துப் பார்த்தார்கள். மூன்று இடத்தில் தோண்டினார்கள். புழுதிதான் வந்தது. முறச்செவி எல்லாரையும் கூட்டிச் சொன்னாள். "நாளைக்கு விடிஞ்சதும் மலையைத் தாண்டுவோம். அந்தப் பக்கம் ஒரு ஏரி இருக்கு. ரெண்டு நாள் நடை. நடக்க முடியாதவங்களுக்காக நிற்க முடியாது."

அதைக் கேட்டு வேம்பி என்ற தாய் யானை விம்மினாள். அவளுடைய குட்டிக்கு மூன்று மாதம்தான் ஆகிறது. பால் வற்றிவிட்டது. அது மலை ஏறுமா? வாய்ப்பே இல்லை. வேம்பி குட்டியைத் தன் கால்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டாள்.

அல்லி காட்டின் ஓரத்துக்குப் போய்த் தனியாக நின்றாள். அங்கே தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் கட்டிய ஒரு சின்னச் சிலுவைக் கோயில் இருந்தது. அதன் ஓட்டுக்கு அடியில் பாக்கியம் என்ற மைனா குடியிருந்தது. வாய் ஓயாத மைனா!

"என்ன தங்கச்சி, மூஞ்சி தொங்கிக் கிடக்கு?" என்று பாக்கியம் பறந்து வந்து அல்லியின் நெற்றியில் உட்கார்ந்தது.

அல்லி நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். பிறகு கேட்டாள். "அக்கா, உங்க கோயில் ஆண்டவர் பெரிய பலசாலியா? எனக்கு ஒரு முழுக் கை கொடுப்பாரா?"

"பலசாலியாவா! வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவராச்சே! ஆனா உள்ளே அவர் எப்படி இருக்கார் தெரியுமா? மரத்துல ஆணி அடிச்சுத் தொங்கவிட்டிருக்காங்க. ரெண்டு கையிலயும் காயம். அந்த நேரத்துல, தாகமா இருக்குன்னு வேற சொன்னாராம்."

அல்லி காதை நிமிர்த்தினாள். "கையில காயமா? அவருக்கும் தாகமா?"

"ஆமா! நான் என்ன கதையா விடுறேன்?"

"அப்ப அவர் தோத்துப் போயிட்டாரா?"

"அங்கதான் எல்லாரும் ஏமாந்தாங்க!" என்று பாக்கியம் இறக்கையைப் படபடவென்று அடித்தது. "தொங்கவிட்டவங்களும் அப்படித்தான் நினைச்சாங்க. ஆனா அந்தச் சிலுவையிலதான் அவர் ஜெயிச்சார். மூணாம் நாள் உயிரோட எழுந்தார்! நம்ம பலம் தீர்ந்துபோற இடத்துலதான் அவர் பலம் ஆரம்பிக்குதுன்னு சாமியார் வாராவாரம் சொல்றார். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு!"

"அங்க வர்றவங்க என்ன செய்வாங்க அக்கா?"

"முழந்தாள் படியிடுவாங்க. கங்காணி ஒருத்தர் வருவார். தோட்டமே அவரைப் பார்த்தா நடுங்கும். அவரே சிலுவையைப் பார்த்ததும் பொத்துன்னு மண்டி போட்டுடுவார்."

"பயந்துக்கிட்டா?"

"அங்கே அங்குசமா இருக்கு பயப்பட? தன்னால ஆகாது, அவரால ஆகும்னு தெரிஞ்சவங்க மண்டி போடுறாங்க. இதுல என்ன மானக்கேடு? எழுந்து வெளியே போகும்போது பாரு, வந்ததைவிட நிமிர்ந்து நடப்பாங்க!"

அல்லி அந்தக் கோயிலை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பி விறுவிறுவென்று ஆற்றை நோக்கி நடந்தாள். பாக்கியமும் பின்னாலேயே பறந்தது.

உச்சி வெயில். கூட்டம் முழுவதும் கரை நிழலில் வாடி நின்றது. அல்லி அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால், நடு மணலில், இரண்டு கால்களையும் மடக்கி மண்டி போட்டாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

"ஆண்டவரே! மத்தவங்களுக்கு மோப்பம் பிடிக்க முழுக் கை இருக்கு. எனக்கு இல்லை. எனக்கு இருக்கிறது ரெண்டு முழங்கால்தான். அதை உம்ம கையில கொடுத்துட்டேன், எடுத்துக்குங்க!"

"மண்டி போட்டுட்டா! பெரியம்மா, மண்டி போட்டுட்டா!" என்று மலைமுட்டி கத்தினான்.

முறச்செவியின் கண் கலங்கியது. ஆனாலும் சொன்ன சொல்லை விழுங்க முடியுமா? "போ, அல்லி. இனிமே நீ நம்ம கூட்டம் இல்லை" என்றாள்.

அல்லி ஆற்றைவிட்டுப் போகவில்லை. மணலோ முழங்காலைச் சுட்டுப் பொசுக்கியது. எழுந்தாள். கைக்குப் பதில் முழங்காலாலேயே தண்ணீரைத் தேடுவதுபோல், பத்தடி தள்ளி மறுபடியும் மண்டி போட்டாள். அங்கேயும் சூடு. இன்னும் இருபதடி தள்ளிப் போனாள். அங்கேயும் சூடு.

"மொட்டைக்கைக்கு மூளையும் குழம்பிடுச்சு!" என்று மலைமுட்டி சிரித்தான். தாகத்தில் சிரிப்புகூட அவனுக்குச் சரியாக வரவில்லை.

ஆற்றின் வளைவில், நிழலே இல்லாத ஒரு வெட்டவெளியில், அல்லி நாலாவது முறை மண்டி போட்டாள். மேல் மணல் சுட்டது. பாரம் அழுந்த அழுந்த, முழங்கால் உள்ளே புதைந்தது. அடியில்... சில்லென்று இருந்தது!

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டு வருஷமாகத் தண்ணீர் ஓரத்திலேயே புதைந்த முழங்கால்கள் அல்லவா? அந்தக் குளிர்ச்சி அவற்றுக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் பக்கத்தில் இருக்கும்போது மண் எப்படி இருக்கும் என்று அந்தக் கூட்டத்தில் வேறு யாருடைய முழங்காலுக்குத் தெரியும்?

"தண்ணி!" என்று அல்லி பிளிறினாள். "இங்கே தண்ணி இருக்கு! வாங்க, தோண்டுங்க!"

"அட போ! அந்த இடத்தை நானே மோந்து பார்த்தாச்சு!" என்றான் மலைமுட்டி.

ஒருத்தரும் அசையவில்லை. அல்லி தன் முன்னங்காலாலேயே மணலைக் கெல்ல ஆரம்பித்தாள். அப்போது வேம்பி நிழலைவிட்டு வெளியே வந்தாள்.

"வேம்பி! நில்லு!" என்றாள் முறச்செவி.

"என் குட்டி செத்துக்கிட்டிருக்கு, அக்கா. அவ முட்டி போட்டாளா, கரணம் போட்டாளான்னு பார்க்க எனக்கு நேரம் இல்லை!" என்று சொல்லிவிட்டு வேம்பி மணலில் இறங்கினாள்.

இரண்டு பேரும் தோண்டினார்கள். மணலின் நிறம் மாறியது. ஈரம் தட்டியது. அவ்வளவுதான், மற்ற யானைகள் முறச்செவியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடி வந்தன. ஆளுக்கு ஒரு பக்கம் வாரி இறைத்தன. குழி ஆழமாக, ஆழமாகப் போனது. அடியில் தண்ணீர் ஊறி மினுமினுத்தது!

எல்லாரும் கையை நீட்டினார்கள். எட்டவில்லை! ஒரு முழம் குறைந்தது. மலைமுட்டி எக்கிப் பார்த்தான், சாய்ந்து பார்த்தான், கழுத்தை நெளித்துப் பார்த்தான். ஊஹூம். இன்னும் அகலமாக வெட்டலாம் என்றால் ஓரத்து மணல் சரிந்து தண்ணீரையே மூடப் பார்த்தது.

தண்ணீருக்கு எட்ட ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது என்னவென்று அத்தனை பேருக்கும் தெரியும். எல்லாருடைய கண்ணும் முறச்செவி மேல் இருந்தது.

முறச்செவி மெல்ல நடந்து வந்தாள். குழியைப் பார்த்தாள். தாயின் காலில் சாய்ந்து துவண்டு கிடந்த குட்டியைப் பார்த்தாள். அல்லியின் முழங்கால்களைப் பார்த்தாள். அவை சூட்டில் கன்றிச் சிவந்திருந்தன.

காட்டையே கட்டி ஆண்ட அந்தத் தலைவி, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, கால்களை மடக்கி மண்டி போட்டாள்.

அவள் கை தண்ணீரைத் தொட்டது. நிதானமாக உறிஞ்சினாள். முதல் வாய் குட்டிக்குப் போனது. குட்டி மடக்மடக்கென்று குடித்தது. மறுபடியும் உறிஞ்சினாள். இனி அவள் குடிப்பாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளோ கையைத் திருப்பி, அல்லியின் வாயில் ஊற்றினாள். இருக்கிற குட்டைக் கையால், மண்டி போட்டாலும் அந்த ஆழத்துக்கு அல்லியால் எட்ட முடியாதே! அது தலைவிக்குத் தெரிந்திருந்தது.

"குடி, என் தங்கமே" என்றாள் முறச்செவி. "கூட்டத்தை விட்டுப் போன்னு சொன்ன வாய் இது. அதுக்குக் கடைசியாத்தான் தண்ணி."

அல்லி அழுதுகொண்டே குடித்தாள்.

பிறகு வேம்பி மண்டி போட்டாள். ஒவ்வொருவராக எல்லாரும் போட்டார்கள். மலைமுட்டி மட்டும் விறைப்பாக நின்றான். "எனக்கு ஒண்ணும் அவ்வளவு தாகம் இல்லை" என்றான். நாக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது! கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் பொத்தென்று மண்டி போட்டான்.

பாக்கியம் அவன் தலைமேல் வந்து உட்கார்ந்தது. "அண்ணே, பாகன் எங்கே?" என்று கேட்டது.

கூட்டம் முழுக்கக் குலுங்கிச் சிரித்தது. மலைமுட்டிக்கும் சிரிப்பு வந்து, குடித்த தண்ணீர் புரையேறியது.

"இனிமே நீதான் எங்களுக்கு முன்னால நடக்கணும், அல்லி" என்றாள் முறச்செவி. "உன் கை குட்டைன்னு எவனாவது வாயைத் திறக்கட்டும், பார்த்துக்கிறேன்!"

"அவங்க சொல்லட்டும் பெரியம்மா. நானே சொல்லுவேன்!" என்றாள் அல்லி. வெட்கம் போன இடம் தெரியவில்லை. காட்டுக்கே கேட்கும்படி பிளிறினாள். "என் கை குட்டைதான்! முழுக் கை இருந்திருந்தா நான் மண்டி போட்டிருக்க மாட்டேன். மண்டி போடாம இருந்திருந்தா, காலடியில தண்ணியை வச்சுக்கிட்டே எல்லாரும் செத்திருப்போம். கையில காயம்பட்ட என் ஆண்டவர், இந்தக் குட்டைக் கைக்காரியை வச்சுத்தான் உங்களைக் காப்பாத்தினார். இதைவிட எனக்கு வேற என்ன பெருமை வேணும்!"

தன் பலவீனத்தை மறைக்காமல் ஆண்டவரிடம் மண்டியிட்டு ஒப்படைக்கிறவர்களுக்கு, அந்தப் பலவீனமே அவருடைய பலம் வந்து தங்கும் இடமாகிறது.