கதை சொன்னது யார்

உலகம்மைக்கு நாற்பத்தைந்து வயது. அவரிடம் சீடராகச் சேர்ந்த சண்முகக்கனிக்கு அறுபத்திரண்டு. தென்காசிப் பக்கம், மலையைப் பார்த்து இருக்கும் அந்தப் பெண்கள் மடத்துக்கு முதல்முறை வருகிறவர்கள் நரைத்த தலையைப் பார்த்துச் சண்முகக்கனியின் காலில்தான் விழுவார்கள். அவர் பதறி விலகி, கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் உலகம்மையைக் கை காட்டுவார்.

மடத்தில் விதிகள் அதிகம் இல்லை. ஒன்று மட்டும் கண்டிப்பானது. பொழுது சாயும் முன் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். இலை போட்டதும், பொய் சொன்னவர் யாரும் இருந்தால் அதைச் சொல்ல வேண்டும். யாரிடம் சொன்னாரோ அவரிடம் அதை நேர் செய்த பிறகுதான் சோறு.

பெரும்பாலும் சின்னப் பொய்கள்தான். ஒருமுறை சமையல் பார்க்கும் செல்லக்கிளி பாதியில் எழுந்துபோய் மருமகளுக்கு ஃபோன் போட்டார். "நீ செஞ்சு அனுப்பின அதிரசம் வேகவே இல்லட்டி. நல்லா இருந்துச்சுன்னு பொய் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். மருமகள் அதன்பிறகு எதுவும் அனுப்பவில்லை.

சண்முகக்கனி மடத்துக்கு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் வெள்ளைச் சேலைதான். காவி கிடைக்கவில்லை.

ஒரு நாள் கேட்டார்.

"எனக்கு எப்பம்மா காவி தருவீங்க?"

"விட வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கா, கனியக்கா?"

"வீட்டுக்காரர் போயிட்டார். பிள்ளை குட்டி இல்ல. வீட்டைத் தம்பிக்குக் கொடுத்தாச்சு."

"அதெல்லாம் உங்களை விட்டது. நீங்க விட வேண்டியதைக் கேட்டேன்."

சண்முகக்கனி ஒரு கீரைத்தண்டை எடுத்து ஆய்ந்தார். பிறகு சொன்னார்.

"ஒருத்தர் இருக்கார்மா."

உலகம்மை கீரைக்கட்டைக் கீழே வைத்தார்.

கல்யாணத்துக்கு முன்பு சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டும் வேலை பார்த்தவர் சண்முகக்கனி. அங்கே குச்சி மூட்டை கொண்டுவந்து போடுகிறவர் கோமதிநாயகம். வாரம் ஒரு படம் பார்ப்பார். மூட்டையை இறக்கிவிட்டு, பெட்டி ஒட்டும் பெண்களுக்கு முழுப்படத்தையும் சொல்லுவார். எல்லாக் குரலும் அவரே. முடிவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, "மிச்சம் நாளைக்கு" என்று சைக்கிளை எடுப்பார். பெண்கள் பசையைக் கையில் வைத்துக்கொண்டு திட்டுவார்கள்.

"முடிவு எனக்கு மட்டும் அன்னைக்கே தெரிஞ்சிடும்" என்றார் சண்முகக்கனி. "வீட்டுக்குப் போற வழியில சைக்கிளை உருட்டிக்கிட்டே சொல்லிடுவார்."

"எங்களுக்கும் ஒரு படம் சொல்லுங்க" என்றார் செல்லக்கிளி. அவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. பின்னால் இன்னும் மூன்று நான்கு பேர்.

சண்முகக்கனி தயங்கினார். உலகம்மை தலையசைத்தார். கோமதிநாயகம் சொன்னபடியே ஒரு படத்தைச் சொன்னார். நாயகியின் குரலில் அழுதார். போலீஸ்காரர் குரலில் அதட்டினார். முற்றமே சிரித்தது. செல்லக்கிளி அடுப்பில் வைத்த பருப்பை மறந்துவிட்டார்.

மற்றவர்கள் போனபிறகு உலகம்மை கேட்டார்.

"அப்புறம் ஏன் கல்யாணம் நடக்கல?"

"அவங்க அம்மா எங்க வீட்டுக்கு வந்தாங்க. 'எனக்குக் கரையேத்த மூணு பொண்ணு இருக்கு தாயி, இவன் பொண்டாட்டி கொண்டுவர்றதை வச்சுத்தான் ஆகணும், எம்மவனை விட்டுரு'ன்னாங்க. விட்டுட்டேன்னு சொன்னேன்."

"விட்டீங்களா?"

"வாயால."

"இப்போ என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேண்டாம்மா. அவர் என்னை மறக்கலைன்னு ஒரு தடவை தெரிஞ்சாப் போதும். அப்புறம் விட்டுடுவேன்."

"எங்கே இருக்கார்?"

"தூத்துக்குடியில."

"காலையில முதல் பஸ் ஆறு மணிக்கு" என்றார் உலகம்மை. "போய்ப் பார்த்துட்டு வாங்க."

தூத்துக்குடியில் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த கோமதிநாயகம் என்றதும் பெட்டிக்கடைக்காரர் வழி சொன்னார். சொல்லும்போது அவர் முகம் வேறு மாதிரி இருந்ததைச் சண்முகக்கனி கவனிக்கவில்லை.

கதவைத் திறந்தவர் பேச்சியம்மாள். கோமதிநாயகத்தின் மனைவி. நெற்றி வெறுமையாக இருந்தது.

"யாரு?"

"எனக்குச் சாத்தூர். அவர் கூட ஒரே இடத்துல வேலை பார்த்தோம்."

"அவுக போயிட்டாகளே மதினி" என்றார் பேச்சியம்மாள். "போன மாசம். உள்ள வாங்க. அவுக ஊர்ல இருந்து பதினாறுக்குக்கூட யாரும் வரலை. நீங்களாச்சும் வந்தீகளே."

சண்முகக்கனி உள்ளே போய் உட்கார்ந்தார். அழவில்லை. அழுவதற்கு அந்த வீட்டில் அவருக்கு உரிமை எதுவும் கிடையாது.

மகள் பொற்கொடி காபி கொண்டுவந்தார். "நீங்களாவது சொல்லுங்க பெரியம்மா. அம்மா ஒழுங்காச் சாப்பிட மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

பேச்சியம்மாள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மதினி, ஒண்ணு கேக்கணும். உங்களுக்குத்தான் தெரியும். அவுக அங்க எப்படி இருந்தாக?"

"எப்படின்னா?"

"பேசுவாகளா?"

சண்முகக்கனி அவர் முகத்தைப் பார்த்தார்.

"என்கூட இருந்த காலமெல்லாம் அவுக பேசினதைத் திரட்டினா ஒரு நாளைக்குக் காணாது. சோறு வை, விளக்கை அணை, சம்பளம் இந்தா. அடிச்சதில்ல, திட்டினதில்ல. சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டா, எனக்குப் புடிக்காதும்பாக. சரி, சில ஆம்பளைங்க அப்படித்தான்னு இருந்துட்டேன். கடைசில ஆஸ்பத்திரில கிடக்கையில, காய்ச்சல் மண்டைக்கு ஏறிப்போச்சு. ஒரு நாள் பேச ஆரம்பிச்சாக பாருங்க. ஏதோ ஒரு படத்தோட கதை. பொம்பளைக் குரல்ல பேசுதாக, போலீஸ்காரன் மாதிரி அதட்டுதாக. நர்சுப் பிள்ளைக எல்லாம் சுத்தி நின்னு சிரிக்கு. எம்மவளும் சிரிக்கா. எனக்கு மட்டும் சிரிப்பு வரலை. இத்தனை பேச்சும் உள்ளதான் இருந்திருக்கு. எனக்குத்தான் தரலை."

சமையலறையில் பாத்திரம் விழுந்தது. பேச்சியம்மாள் திரும்பவில்லை.

"பாதியில நிறுத்திட்டாக. ஒரு நர்சு, 'முடிவு என்ன தாத்தா'ன்னு கேட்டா. அவுக என்னைப் பார்த்துக்கிட்டே, 'முடிவை அவகிட்ட சொல்லியாச்சு'ன்னாக. நான் பக்கத்துல நிக்கேன் மதினி. என்னைப் பார்த்துச் சொல்லுதாக, அவகிட்ட சொல்லியாச்சுன்னு. மறுநாள் போயிட்டாக."

சண்முகக்கனி குடிக்காத காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவன்னா யாரு மதினி? அங்க யாரையாவது விரும்பினாகளா? நான் வந்துதான் அவுக வாய் அடைச்சுப் போச்சா? சொல்லுங்க. நான் ஒண்ணும் கோவிக்க மாட்டேன். அன்னைல இருந்து எனக்குச் சோறு இறங்கலை."

எதற்கு வந்தாரோ அது கிடைத்துவிட்டது. கேட்கிறவருக்கும் பதில் தெரிய வேண்டும். இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

சண்முகக்கனி சிரித்தார்.

"அட, அதுவா! அது அந்தப் படத்துல வர்ற வசனம்மா."

"வசனமா?"

"ஆமா. கதாநாயகன் சாகப்போறப்போ போலீஸ்காரன் கேப்பான். 'அவகிட்ட சொல்லியாச்சு'ன்னு இவன் சொல்லுவான். அந்தக் காலத்துல சாத்தூர் முழுக்க அதைத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம்."

"அந்தக் கதையெல்லாம் அவுக…"

"அவர் எங்கே சொன்னார்? சொன்னது நாங்க. தீப்பெட்டி ஆபீஸ்ல அத்தனையும் பொண்ணுங்க. விடிஞ்சா அடைஞ்சா சினிமாக் கதைதான். போலீஸ்காரனும் நாங்கதான், கதாநாயகியும் நாங்கதான். அவர் மூட்டையை இறக்கிட்டு ஓரமா நின்னு கேப்பார். ஒரு வார்த்தை பேசினதில்ல. ஊமைக்கொட்டான்னு பேரே வச்சிருந்தோம்."

"அங்கயும் பேச மாட்டாகளா?"

"அங்கயும் அப்படித்தான்."

"யாரையும்…"

"அப்படி யாரும் இல்ல. நான் அங்கேயேதான் இருந்தேன். இருந்திருந்தா எனக்குத் தெரியாமலா?"

பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழுகிறார் என்றுதான் சண்முகக்கனி நினைத்தார்.

"ஊமைக்கொட்டானா?" என்றார் பேச்சியம்மாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீரும் வந்தது. "ஏட்டி பொற்கொடி, இங்க வா. உங்கப்பாவுக்கு அங்க என்ன பேருன்னு கேளு."

மத்தியானம் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். சாளைமீன் குழம்பு. சண்முகக்கனி மோர் ஊற்றிக்கொண்டார். மீன் சாப்பிடுவதை விட்டு நாளாகிவிட்டது. பேச்சியம்மாள் குனிந்து சாப்பிட்டுவிட்டு, மகளிடம் தட்டை நீட்டி இரண்டாம் தடவை சோறு கேட்டார். பொற்கொடி அம்மாவைப் பார்த்தார், வந்தவரைப் பார்த்தார், நிறையச் சோறு வைத்தார்.

மடத்துக்கு அவர் திரும்பியபோது இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கால் கழுவிவிட்டு வந்து நின்றார்.

"பார்த்தீங்களா?" என்று உலகம்மை கேட்டார்.

"அவர் போயிட்டார்மா. போன மாசம். வீட்டம்மாவைப் பார்த்தேன்."

"எப்படி இருக்காங்க?"

"சோறு இறங்காம இருந்தாங்க. இன்னைக்கு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க."

உலகம்மை அதற்கு மேல் கேட்கவில்லை. எல்லாரும் உட்கார்ந்தார்கள். சண்முகக்கனி மட்டும் தன் இலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நான் பொய் சொன்னேன்மா."

செல்லக்கிளி கரண்டியை நிறுத்தினார். பொய் சொன்ன இடம் தூத்துக்குடி என்றால், திரும்பவும் போய் வர வேண்டும். அதுவரை சோறு கிடையாது.

"யார்கிட்ட?" என்றார் உலகம்மை.

சண்முகக்கனி வரிசையாக எல்லாரையும் பார்த்தார்.

"இவங்ககிட்ட. உங்ககிட்டயும்தான். நேத்து முற்றத்துல வச்சு."

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"அவர் கதை சொன்னார்னு சொன்னேன். சொல்லல. அவர் வாய் திறக்காத மனுஷன். கதை சொன்னது நாங்கதான். அவர் ஓரமா நின்னு கேட்டுட்டுப் போயிடுவார். யார் கூடவும் சைக்கிளை உருட்டிக்கிட்டு வரல. அவர் விரும்பினதா ஒருத்தியும் அங்கே இல்ல. எல்லாம் நானா இட்டுக்கட்டினது."

"அப்போ அந்தப் போலீஸ்காரன் குரலு?" என்றார் செல்லக்கிளி. அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது.

"அதுவும் நான்தான் செல்லக்கிளி."

"நிசமாவா அக்கா? அவ்வளவு அழகாச் சொன்னீங்களே."

"நிசமா."

சண்முகக்கனியின் கைகள் சேலை நுனியைப் பிடித்திருந்தன.

உலகம்மை அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து செல்லக்கிளியின் கையிலிருந்து கரண்டியை வாங்கி, சண்முகக்கனியின் இலையில் தானே சோறு வைத்தார்.

"நேர் பண்ணியாச்சுல்ல, உட்காருங்க" என்றார். "ரசம் ஆறுது."