கண்ணுக்குத்தான் வந்தது

"அம்மா, விபூதித் தட்டை என் கையில கொடுக்க வேண்டாம்னு சொன்னீங்களாமே. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

கேட்டவர் கோமதிநாயகம். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்று, மடத்தில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது.

அன்று குருபூஜை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஜனம் வந்து பந்தலில் நின்றது. எல்லோர் நெற்றியிலும் விபூதி பூசும் பொறுப்பு முதல்முறையாக அவருக்குக் கிடைத்திருந்தது.

மடத்தின் குரு உலகம்மை அம்மாள். கோமதிநாயகத்தைவிட வயதில் மிகவும் இளையவர்.

"கறுப்புக் கண்ணாடி எதுக்குப் போட்டிருக்கீங்க, ஐயா?"

"ஞான ஒளி கூசுதும்மா."

"கழற்றுங்க."

கழற்றினார். இரண்டு கண்ணும் பழுத்த மிளகாயாகச் சிவந்து, பீளை கட்டியிருந்தன.

"மெட்ராஸ் ஐ," என்றார் உலகம்மை.

"கண்ணுக்குத்தான் வந்திருக்கு. எனக்கு வரல."

"அப்படியா?"

"நான் இந்த உடம்பு இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? கண் உடம்போட சொத்து. சீக்கு கண்ணோட சொத்து. எனக்கு அதுல எந்தப் பாத்தியதையும் கிடையாது."

உலகம்மை கொஞ்சம் யோசித்தார்.

"நியாயம்தான். அப்ப நீங்க பந்தலுக்கு வாங்க. உடம்பு மட்டும் அறையில இருக்கட்டும்."

கோமதிநாயகம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூச்சை அடக்கினார்.

உடம்பு அசையவில்லை. அவரும் அசையவில்லை.

வெளியே மேளம் கொட்டியது. உடம்புக்கு முதுகு அரித்தது. அடுப்படியிலிருந்து பாயச வாசனை வந்தது. எச்சில் ஊறியது யாருக்கு என்று அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

பொறுத்துப் பார்த்தார்.

கடைசியில், கண்ணாடியை மறுபடி மாட்டி, உடம்பையும் கூட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கிளம்பினார்.

பந்தலில் விபூதித் தட்டு ஆளில்லாமல் இருந்தது. எடுத்துக்கொண்டார்.

வரிசையில் முதலில் நின்றவள் ஒரு இளம்பெண். தோளில் கைக்குழந்தை.

"சாமி, பிள்ளையை இன்னைக்குத்தான் வீட்டைவிட்டு வெளியே கொண்டாந்திருக்கேன். மொதல்ல இவனுக்குப் பூசி விடுங்க."

கண் உறுத்தியது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் நன்றாகக் கசக்கினார். அப்பாடா என்றிருந்தது.

அதே விரலால் விபூதியைத் தொட்டார்.

குழந்தை கண்ணை அகலத் திறந்து அவரையே பார்த்தது. சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லாத கண்.

விரல் குழந்தையின் நெற்றிக்குக் கிட்டே போய் நின்றுவிட்டது.

"என்ன சாமி?"

அவர் விரலைப் பார்த்தார். நுனியில் விபூதி. அதற்கடியில் ஈரம்.

"பூசுங்க சாமி. ஆமா, உங்க கண்ணுக்கு என்ன?"

கோமதிநாயகம் பின்னால் துள்ளினார். தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். தாலுகா ஆபீஸை விட்டு வந்தபின் அவர் எடுத்திராத குரலில், வரிசையின் கடைசி ஆள் வரை கேட்கும்படி கத்தினார்:

"எனக்கு மெட்ராஸ் ஐ! யாரும் கிட்ட வராதீங்க!"