அண்டமுழுங்கியின் குடுமி

முன்னொரு காலத்தில், கேட்டபோதெல்லாம் மழை பெய்த தேன்கரை நாட்டில், பொன்னுருவி, வயிரவன் என்று ஒரு கூத்துக்காரத் தம்பதி இருந்தார்கள். ஆட்டுத்தோலில் பாவை வெட்டிச் சாயம் தீட்டி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கேற்றி நிழலாட்டம் காட்டுவது அவர்கள் தொழில். பாவையை ஆட்டுவது அவள். பேசுவது, பாடுவது, வாயடிப்பதெல்லாம் அவன். விளக்கருகே உட்காருமுன் தலையில் ஈரத்துண்டு கட்டவேண்டும் என்பது அந்தத் தொழிலில் முதல் பாடம். வயிரவன் அதை மட்டும் மறந்துவிடுவான். அதனால் அவன் உச்சிமயிர் எப்போதும் கருகியே இருக்கும்.

ஒரு திருவிழாவில் கூத்து நடந்தது. கதையில் ஒரு மாயாவி வந்தான், சரியாக ஒரு சாண் உயரத்தில்.

"மாயாவி என்றால் இத்துனூண்டுதானா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் இடித்தது.

வயிரவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மிச்சத்தோலுல இவ்வளவுதான் அண்ணாச்சி வரும்! மாயாவிக்கு முழு ஆடா வெட்டுவாக?" என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

கேட்டவனோ அண்டமுழுங்கி என்ற நிஜ மாயாவி! திரைக்குப் பின்னால் பாய்ந்து வந்தான். முழங்கால்வரை தொங்கிய குடுமியை ஓர் இழு இழுத்தான். "சூ!" என்றான். அவ்வளவுதான், வயிரவன் தோல்பாவையாகிப் பொன்னுருவியின் மடியில் விழுந்தான்.

"இந்த விளக்கு அணைந்தால் உன் புருஷன் என்றைக்கும் தோல்தான்!"

பொன்னுருவிக்கு அழுகை பொங்கி வந்தது. ஆனால் அழ முடியவில்லை. நனைந்தால் தோல் சுருங்கிவிடுமே! கண்ணீரை விழுங்கிக்கொண்டு பாவையின் குச்சியை அசைத்தாள். அசைத்தால்தான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"ஏ புள்ள, எண்ணெய ஊத்து! ஊரக் கூட்டு! ராசாகிட்ட நியாயம் கேளு! அப்புறம்..."

குச்சியை நிறுத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக அவளுக்கு நிம்மதியாக யோசிக்க முடிந்தது. குடுமியை இழுத்த பிறகுதானே மந்திரம் வந்தது? குடுமி போனால் மந்திரமும் போகும்!

இருந்த கடைசி எண்ணெயை விளக்கில் ஊற்றிவிட்டு மாயாவியிடம் திரும்பினாள்.

"சாமி, உங்க பெருமைக்கு எங்க சின்னப் பாவை பத்தாது. நீங்களே திரையப் பாத்து நில்லுங்க. விளக்குப் பக்கம் பின்னால வர வர நிழல் பெருசாகும். ஆனா, தலையில ஈரத்துண்டு கட்டணும்."

"என் குடுமியை மறைப்பதா? முடியாது!"

நல்லது சொன்னால் கேட்கிற மாயாவி எந்த நாட்டில் இருக்கிறான், சொல்லுங்கள்!

திரையைப் பார்த்து நின்றான். "எவ்வளவு பெரிசு?"

"ஆள் உசரம்!" என்றது கூட்டம்.

"போதாது!" ஓரடி பின்னால் வைத்தான்.

"ஈரத்துண்டு, சாமி."

"முடியாது! இப்போது?"

"பனை உசரம்!"

"போதாது!" இன்னோரடி வைத்தான்.

"ஈரத்துண்டு, சாமி."

"முடியாது! இப்போது?"

"தலையவே காணோம் சாமி! திரைக்கு மேல போயிருச்சு!"

"ஆகா! வானத்தை முட்டிவிட்டேன்!" என்று பூரித்து, மூன்றாவது அடியையும் பின்னால் வைத்தான். குடுமி விளக்கில் விழுந்தது. சொர்ர்ர்!

"ஐயோ, எரியுதே!" மாயாவி குதித்தான். துண்டு நனைக்க வைத்திருந்த வாளித் தண்ணீரைப் பொன்னுருவி அப்படியே அவன்மேல் கொட்டினாள். குடுமியும் போயிற்று, விளக்கும் அணைந்தது.

ஒரே இருட்டு. பொன்னுருவி தன் மடியைத் தடவினாள். பாவையைக் காணோம்.

"ஏ புள்ள," என்றது ஒரு குரல், "அந்தத் துண்ட எங்க வெச்ச?"

யாரோ பந்தம் கொண்டுவந்தார்கள். மந்திரம் போன மொட்டை மாயாவி, யாரும் சொல்லாமலே ஈரத்துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். திருவிழாவுக்கு வந்திருந்த ராஜா மனம் மகிழ்ந்து புதுத் திரையும் பொற்காப்பும் கொடுத்தார். பொன்னுருவி அதையெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடக்கி வைத்திருந்த அழுகையை எல்லாம் வயிரவன் மார்பில் கொட்டினாள்.

"பாத்து, பாத்து," என்றான் அவன். "நனைச்சுச் சுருக்கிப்புடாத!"

அவள் இன்னும் நன்றாக நனைத்தாள்.