துரைசாணியின் எண்ணெய்த் தடம்

கிட்டுச்சாமி அண்ணன் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது காரமடையில் எல்லாருக்கும் தெரியும். மீதிப் பாதியையும் கழித்துவிடலாம் என்பது அவர் மனைவி துளசிமணி அக்காவின் அபிப்பிராயம்.

அண்ணனிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. 1950-இல் இங்கிலாந்தில் செய்தது. குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை ஓட்டிவிட்டு, ஊருக்குப் போகும்போது விட்டுப்போனதாம். அதற்கு அண்ணன் வைத்த பேர் துரைசாணி. மில்லிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் பார்க்கிற ஒரே உத்தியோகம், அதைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான்.

எங்கள் பழைய வண்டிக்காரர் சங்கம் வருஷத்துக்கு ஒரு தரம் கோத்தகிரி மலையேறும். மூன்று வருஷமாக அண்ணன் பேர் கொடுக்கிறார். மூன்று வருஷமும் அவர் வரவில்லை. இந்தத் தடவை திருப்பூர்க்காரர் ஒருத்தர் இடம் கேட்டு நிற்கிறார். அதனால் தலைவர் மோகனசுந்தரம் கறாராகச் சொல்லிவிட்டார், சனிக்கிழமை காலையில் எங்கள் கண் முன்னால் வண்டி ஸ்டார்ட் ஆனால் பேர் இருக்கும், ஆகாவிட்டால் பேரை அடித்துவிடுவேன் என்று.

தலைவரும், லேத் பட்டறை லோகுவும், நானும் போனோம். அண்ணன் வீட்டுக் கார் நிறுத்தும் கொட்டகையில் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு துரைசாணி நின்றாள். அடியில் ஒரு அலுமினியத் தட்டு. அதில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணா, பாத்துட்டுக் கெளம்பறோம்" என்றார் தலைவர்.

"பண்ணலாமுங்க. ஆனா நேத்துத்தான் ஓட்டி வந்து நிறுத்துனேன், இன்னும் சூடு ஆறல. இப்ப ஒதைச்சா நாம ஏறறதுக்கு முன்னாடியே அவ கோத்தகிரி போயி நிப்பா. காப்பி குடிங்க மொதல்ல" என்று அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

லோகு போர்வையைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தான். "ஏனுங்ணா, இதுக்கு இங்கிலீஷ் அளவு ஸ்பேனர் வேணுமே. நம்ம மில்லிமீட்டர் ஸ்பேனர் எதுவும் சேராதே?"

"ஸ்பேனரா? அதெல்லாம் கைல தெம்பு இல்லாதவங்களுக்கு. நான் ரெண்டு வெரல்லயே முடுக்கிருவேன். போன மாசம் ஒரு நட்டைக் கொஞ்சம் அழுத்தி முடுக்கிட்டேன். கழட்டறதுக்கு ஜேசிபி கொண்டு வந்தோம். ஜேசிபிதான் சுத்துச்சு, நட்டு அசையல."

தலைவர் தொண்டையைக் கனைத்தார். அண்ணன் அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டார்.

"இந்த வண்டிக்குக் கிக்கர்தானுங்க ஆபத்து. பெட்ரோல் பத்தற டைமிங் கொஞ்சம் முந்திட்டா, நாம ஒதைச்சா அது திருப்பி ஒதைக்கும். ஒரு நாள் அப்புடித்தான் ஒதைச்சுது பாருங்க, நேரா மேல போனேன். அந்தத் தென்னை மரத்தைத் தாண்டிப் போறேன். போற வழில பாத்தா காய் நல்லா முத்தியிருக்குது. சரி, சும்மா எதுக்கு எறங்கோணும்னு ரெண்டைப் பறிச்சுட்டு வந்தேன்."

"ரெண்டுதானா?" என்றான் லோகு.

"கை ரெண்டுதானே இருக்குது."

துளசிமணி அக்கா காப்பித் தட்டோடு வந்தார். "அந்தத் தேங்காயில சட்னி நான் அரைக்கலீங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார்.

அண்ணன் அசரவில்லை. "இவளுக்கு மறதி. ஒவ்வொரு தடவ கழட்டி மாட்டும்போதும் நாலு சாமான் மிச்சமாகுங்க. மத்தவங்களுக்கு அது தப்பு. நமக்கு அது வேலை சுத்தம். வேண்டாததை எல்லாம் துரைசாணியே கழிச்சு விட்டுர்றா. அப்புடி மிச்சமானதுலதான் இவளுக்கு ஒரு கிரைண்டர் செஞ்சு குடுத்தேன்."

"அது எங்கண்ணன் வாங்கிக் குடுத்தது" என்றார் அக்கா.

"வெளிப்பக்கம் உங்கண்ணன். உள்ள பூராவும் துரைசாணி."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து பேர் எழுதிய காகிதத்தையும் எடுத்தார். அதைப் பார்த்ததும் அண்ணனின் குரல் ஒரு படி ஏறியது.

"நேத்து இவ பாலை அடுப்புல வச்சா. நான் வண்டிய எடுத்தேன். கோத்தகிரி போயி, மார்க்கெட்டுல டீ குடிச்சு, கேரட்டு நாலு கிலோ வாங்கிட்டுத் திரும்பி வந்து அடுப்பை அணைச்சேன். பால் இன்னும் பொங்கல. போன வேகத்துல என்ற நெழலே எங்கூட வர முடியாம பாதி வழில, குஞ்சப்பனைல நின்னுபோச்சு. திரும்பி வரப்பதான் அதைப் பின்னாடி ஏத்திட்டு வந்தேன்."

"மலைல நேத்துக் கடும் பனிமூட்டமாச்சே. வழி எப்புடித் தெரிஞ்சுது?" என்று கேட்டார் தலைவர்.

"அங்கதான் துரைசாணி புத்தி. எண்ணெய் ஒழுகுது ஒழுகுதுன்னு எல்லாரும் கேலி பண்றீங்க. நான்தான் வேணும்னே ஒழுக விட்டிருக்கேன். போகும்போது சாணுக்கு ஒரு சொட்டு. வரும்போது அந்தச் சொட்டையே புடிச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். நம்பிக்கை இல்லாட்டிப் போயிப் பாருங்க, கோத்தகிரி வரைக்கும் தடம் இருக்கும்."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். லோகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

முந்தாநாள் மழை பெய்து செம்மண் தெரு நன்றாக ஊறியிருந்தது. எண்ணெய்த் தடம் இருக்கத்தான் செய்தது. கொட்டகையிலிருந்து வாசல், வாசலிலிருந்து தெரு, அண்ணன் சொன்னபடியே சாணுக்கு ஒரு சொட்டு. நாங்கள் மூவரும் குனிந்தபடி நடந்தோம். அண்ணன் பெருமையோடு கூட வந்தார். மளிகைக் கடை முக்கு வரைக்கும் போன தடம், அங்கே அரை வட்டம் அடித்து வீட்டுக்கே திரும்பிவிட்டது. தடத்துக்கு இடப்பக்கம் ஆண் செருப்பு அச்சு, வலப்பக்கம் பெண் செருப்பு அச்சு, போனதற்கும் வந்ததற்கும்.

"ரெண்டு பேரும் தள்ளியிருக்கீங்க" என்றான் லோகு.

"தள்ளுனதா? வேகம் தாங்காம ரெண்டு பேரும் காலை ஊணிப் பிரேக் போட்டோம்."

"பிரேக் போட்டா குதிகால் பதியோணுமுங்ணா. இங்க பெருவெரல்தானே ஆழமா எறங்கியிருக்குது?"

அண்ணன் குனிந்து அச்சைப் பார்த்தார். "அது வந்து, டைமிங் மாறி வண்டி பின்னாடி பாய்ஞ்சுருச்சு. அதனால முன்னாடி தள்ளி நிறுத்துனோம்."

தலைவர் பேனாவைத் திறந்தார். அண்ணனின் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அடிச்சுருங்க" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "துளசிமணிய ஒரு தரம் பின்னாடி உக்கார வச்சு அந்த மலைல போகோணும்னு ஆசைப்பட்டேன். அதுக்குன்னு ஒரு ஸ்வெட்டர் வாங்கினா. மூணு வருஷமாப் பீரோல மடிச்சபடியே இருக்குது." அன்று காலையில் அவர் சொன்னவற்றில் இது மட்டும் உண்மை.

தலைவர் பேனாவை மூடினார். வீடு வரைக்கும் நடந்து வந்தவர், கொட்டகையில் நின்று சொன்னார்: "எஞ்சின் ஏறறதுக்குத்தானே வேணும்? எறங்கறதுக்கு எதுக்கு? துரைசாணிய என்னோட டெம்போல ஏத்திக் கோத்தகிரி கொண்டு போயிரலாம். அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் எறக்கந்தான். நியூட்ரல்ல விட்டுட்டு ரெண்டு பேரும் உக்காந்துக்குங்க. ஊர்வலத்துல வந்த மாதிரியும் ஆச்சு."

சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் நிமிர்ந்துவிட்டார். "எறக்கத்துல துரைசாணிய எவனாலயும் புடிக்க முடியாதுங்க. வாட்ச்சைப் பாத்துட்டு நில்லுங்க. நாங்க கீழ வந்து சேந்த நேரம், மேல கெளம்புன நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் முந்தி இருக்கும்."

"பிரேக் புடிக்குமாங்ணா?" என்று லோகு கேட்டான்.

"அது மட்டும் இன்னும் மாட்டல. மிச்சமான சாமான்ல கெடக்குது. பரவால்ல, கால் இருக்குது."

துளசிமணி அக்கா காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப ஸ்வெட்டர் பீரோலயே இருக்கட்டுங்க. எனக்குத் தடிமனா ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் குடுங்க."